பார்த்ததும் படித்ததும்: ஹிரயாமாவுக்குக் கோபம் வந்த ராத்திரி

முதல்லயே சொல்லிடறேன், இது விமர்சனம் இல்லை. கேமரா கோணம், திரைக்கதை முடிச்சு, குறியீடு எல்லாம் அலசிக் காயப்போட நம்ம ஏரியாவுல பெரிய ஆளுங்க இருக்காங்க. நான் சாதாரணமா பொட்டி தட்டறவன். கடந்த ரெண்டு மாசத்துல ரெண்டு படம், ஒரு தொடர், ஒரு நாவல்னு கலந்துகட்டிப் பார்த்ததுல, படிச்சதுல தோணினதை எழுதி வைக்கறேன். நாலுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. ஒண்ணு டோக்கியோ, ஒண்ணு அமெரிக்கா, ஒண்ணு அந்தக் காலத்துச் சென்னை, ஒண்ணு இந்தக் காலத்துச் சென்னை. ஆனா நாலையும் முடிச்சப்புறம் மண்டைக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் ஓடிட்டு இருக்கு. அதைக் கடைசில சொல்லலாம்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் எத்தனை பேர் வருவீங்கன்னு தெரியாததால இப்பவே சொல்லிடறேன் :-)

ஒரு இடத்துல ஒரு ஆள் குறைஞ்சா, அந்த ஆளோட வேலை யார் தலையில விழுது?

வேலை செய்யறவங்களைப் பத்தி எடுத்த படமோ எழுதின கதையோ, இந்தக் கேள்விக்கு அது என்ன பதில் சொல்லுதுன்னு பார்த்தாப் போதும். அது நிஜமாவே வேலையைப் பத்திப் பேசுதா, இல்ல வேலையை அழகான ஒரு பின்னணியா தொங்க விட்டிருக்கான்னு தெரிஞ்சிடும். இது என் கட்சி. ஒத்துக்காதவங்க கடைசில வந்து கும்முங்க.

(எச்சரிக்கை: கதையைச் சொல்லித்தான் எழுதப் போறேன். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, நான் எங்கயும் போகல.)

பெர்ஃபெக்ட் டேஸ்

2023-ல வந்த படம். இயக்குநர் விம் வெண்டர்ஸ், ஜெர்மன்காரர். படம் ஜப்பானியப் படம். டோக்கியோவுல பொதுக் கழிவறைகளைக் கழுவற ஹிரயாமாங்கற மனுஷனோட தினசரி வாழ்க்கை, அவ்வளவுதான் கதை. விடியக்காலைல வெளியில ஒரு அம்மா தெருவைப் பெருக்கற சத்தத்துல முழிக்கறார். படுக்கையை மடிச்சு ஓரமா வைக்கறார். மீசையை ட்ரிம் பண்றார், செடிகளுக்குத் தண்ணி தெளிக்கறார். வாசல்ல நிக்கற மெஷின்ல ஒரு டின் காபி. நீலக் கலர் வேன். கேசட்டுல பழைய இங்கிலீஷ் பாட்டு. அப்புறம் கழிவறை, கழிவறை, கழிவறை. மத்தியானம் மரத்தடியில சாண்ட்விச், இலைகளுக்கு நடுவுல இறங்கற வெளிச்சத்தை ஃபிலிம் கேமராவுல ஒரு க்ளிக். சாயங்காலம் பொதுக் குளியல், ராத்திரி ஒரு பழைய புத்தகம், தூக்கம். மறுநாள் ரிப்பீட்டு.

கேட்டா மொக்கையா இருக்கா? சத்தியமா இல்லை. ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. ஹிரயாமாவா நடிச்ச கோஜி யாகுஷோவுக்கு 2023 கான் விழாவுல சிறந்த நடிகர் விருது குடுத்தாங்க. அதுல எந்த உள்குத்தும் இல்லை, மனுஷன் முகத்தாலேயே முழுப் படத்தையும் தாங்கறார். மொத்தப் படத்தையும் 17 நாள்ல எடுத்து முடிச்சாங்களாம். நம்ம ஊர்ல ஒரு குத்துப் பாட்டுக்கே அவ்வளவு நாள் ஆகும்.

படத்து மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்க பேசற பேச்சு மேலதான்.

எனக்குத் தெரிஞ்ச ஐடி மக்கள்ல இந்தப் படத்தைப் பார்த்தவங்க முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் பேசறாங்க. "எளிமையா வாழணும் மச்சி", "செய்யற வேலையில சந்தோஷத்தைக் கண்டுபிடிக்கணும்", "நமக்குத்தான் ஆசை ஜாஸ்தி". எனக்கு முன்னாடி லீடா இருந்த ஒருத்தர் லிங்க்ட்இன்ல மூணு முழத்துக்கு எழுதியிருந்தார். ஹிரயாமா கண்ணாடி வச்சு கழிவறையோட அடிப்பக்கம் கூட சுத்தமா இருக்கான்னு பார்க்கறாராம், அதே மாதிரி நாமளும் நம்ம கோடை ரிவ்யூ பண்ணணுமாம். கீழ நூத்துக்கணக்குல லைக். இதே மனுஷர்தான் ஒரு காலத்துல எங்களை சனி ஞாயிறு ரெண்டு நாளும் உட்கார வச்சவர். (அது தனிக்கதை.)

சரி, மேட்டருக்கு வர்றேன். இந்த "எளிமை" ஜல்லி அடிக்கறவங்க யாரும் சொல்லாத ரெண்டு விஷயம் படத்துலயே இருக்கு.

ஒண்ணு, ஹிரயாமாவோட தங்கச்சி. வீட்டை விட்டு ஓடி வந்த தன் பொண்ணைக் கூட்டிட்டுப் போக டிரைவர் வச்ச பெரிய கார்ல வந்து இறங்கறாங்க. நிஜமாவே கழிவறைதான் கழுவறியான்னு கேக்கறாங்க. அந்த ஒரே சீன்ல தெரிஞ்சிடுது, இவர் வசதியான குடும்பத்துலேர்ந்து என்னமோ காரணத்துனால விலகி வந்தவர். அதாவது இந்த எளிமை அவரே எடுத்துக்கிட்டது. திரும்பிப் போக ஒரு கதவு இருக்கு, இவர் போகல. கதவே இல்லாதவனோட எளிமையும் இதுவும் ஒண்ணா?

ரெண்டு, அந்த ஃபோன் கால். ஹிரயாமாகூட வேலை பார்க்கற தகாஷின்னு ஒரு பொடியன். அரட்டை, சோம்பேறி, எப்பப் பார்த்தாலும் கையில மொபைல். ஒருநாள் காலைல ஃபோன் பண்ணி "நான் வேலையை விட்டுட்டேன்"ங்கறான். நோட்டீஸ் பீரியடும் கிடையாது, கேடியும் கிடையாது. அன்னிக்கு அவன் பங்குக் கழிவறைகளையும் சேர்த்து ஹிரயாமாவே கழுவ வேண்டியதாகுது. இருட்டின பிறகும் வேலை. மரத்தடி இல்லை, குளியல் இல்லை, ஒண்ணும் இல்லை. படம் முழுக்க பத்து வார்த்தை பேசாத மனுஷன் அன்னிக்கு ராத்திரி ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கத்தறார். ஆளை அனுப்பு, தினமும் இப்படிப் பண்ண முடியாதுன்னு. படத்துல அவர் குரலை உயர்த்தறது அந்த இடத்துலதான்.

என்னைப் பொறுத்தவரைக்கும் படத்தோட இதயம் அந்த சீன்தான். மரம், வெளிச்சம், கேசட், புத்தகம் எல்லாம் எதுனால சாத்தியமாச்சு? வேலை எட்டு மணி நேரத்துல முடியறதுனால. இன்னொரு ஆளோட சுமை அவர் தலையில ஏறின அன்னிக்கே எல்லாம் காலி. மனசுல நிம்மதி இருந்தா எந்த வேலையும் சுகம்தான்னு படம் சொல்றதா எழுதறவங்க, இந்த சீன் வரும்போது பாத்ரூம் போயிட்டாங்க போல. (சிலேடை தானா வந்தது, மன்னிக்கவும்.)

இதுக்கு அடுத்து வர்றதுதான் இன்னும் முக்கியம். புது ஆள் வந்துடறாங்க! ஒரு பொம்பளை வந்து, பேரைச் சொல்லி, டக்கு டக்குன்னு வேலையை ஆரம்பிக்கறாங்க. ஹிரயாமா முகத்துல ஒரு நிம்மதி. ஒரு ஃபோன் கால், ஒரு ஆள். இதைப் பார்த்துட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சீரியஸாத்தான் சொல்றேன். எங்க டீம்ல ஆறு பேர் இருந்தோம், இப்ப நாலு பேர். போன ரெண்டு பேரோட சர்வீஸும் எங்க தலையிலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் அடிச்சா எழுந்திரிக்கற முறை முன்னாடி ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, இப்ப நாலு வாரத்துக்கு ஒரு தடவை. ஆள் கேட்டா "ஹயரிங் ஃப்ரீஸ்"ங்கறாங்க. வேலை மட்டும் ஃப்ரீஸ் ஆக மாட்டேங்குது.

இன்னொரு தகவல். இந்தப் படத்துல வர்ற கழிவறைகள் எல்லாம் நிஜம். டோக்கியோவோட ஷிபுயா பகுதியில 'தி டோக்கியோ டாய்லெட்'னு ஒரு திட்டம். தடாவோ ஆண்டோ, ஷிகேரு பான், கெங்கோ குமா மாதிரி பெரிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைச்ச 17 கழிவறைகள். உள்ள போய் தாழ்ப்பாள் போட்டா கண்ணாடிச் சுவர் மங்கலா மாறுமே, அது ஷிகேரு பான் கைவண்ணம். அந்தத் திட்டத்தை ஜனங்ககிட்ட கொண்டு போகத்தான் வெண்டர்ஸைக் கூப்பிட்டாங்க, அவர் அதை முழுநீளப் படமாவே எடுத்துட்டார். அதனாலதானோ என்னவோ, கழுவறதுக்கு முன்னாடியே எல்லாக் கழிவறையும் பளபளன்னு இருக்கு. மூக்கைப் பொத்த வேண்டிய ஒரு இடம் கூடக் கிடையாது. விளம்பரத்துக்காக ஆரம்பிச்ச ஒண்ணு இவ்வளவு நல்ல படமா வந்தது அதிசயம்தான். ஆனா அது எங்க ஆரம்பிச்சதுங்கறதை மறந்துட்டுப் பார்க்கக் கூடாது.

செவரன்ஸ்

ஆப்பிள் டிவியில வர்ற தொடர். முதல் சீசன் 2022-ல 9 எபிசோடு, ரெண்டாவது சீசன் 2025-ல 10 எபிசோடு. உருவாக்கினவர் டான் எரிக்சன், நிறைய எபிசோடு இயக்கினது பென் ஸ்டில்லர். நம்ம காமெடி பென் ஸ்டில்லரேதான்.

கரு இதுதான். லூமன்னு ஒரு கம்பெனி. அங்க சில பேருக்கு மூளையில ஒரு சிப் வச்சிடறாங்க. லிஃப்ட்டுல ஆபீஸ் தளத்துக்கு இறங்கினா வெளி வாழ்க்கை மறந்துடும். திரும்ப ஏறினா ஆபீஸ்ல நடந்தது மறந்துடும். வெளியில இருக்கறவன் அவுட்டீ, உள்ள இருக்கறவன் இன்னீ. உள்ள அவங்க செய்யற வேலை? திரையில ஓடற நம்பர்கள்ல "பயமா இருக்கற" நம்பரைப் பிடிச்சு டப்பாவுல போடணும். எதுக்குன்னு அவங்களுக்கே தெரியாது. பாதி ஜீரா டிக்கெட்டை எதுக்கு முடிக்கறோம்னு எனக்கும் தெரியாதுங்கறதால, அது எனக்கு ரொம்ப இயல்பாத்தான் பட்டுது :-)

இதைப் பார்த்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது சொல்றது, "ஆஹா, இப்படி ஒரு சிப் கிடைச்சா நல்லா இருக்குமே! ஒன்பது மணிக்கு உள்ள போனா அடுத்த நொடி சாயங்காலம்." எனக்கும் முதல் எபிசோடுல அந்த ஆசை வந்தது. ரெண்டு எபிசோடு தாண்டினதும் போயிடுச்சு. ஏன்னா அந்த எட்டு மணி நேரம் எங்கயும் மறையல, அதை இன்னொருத்தன் அனுபவிக்கறான். அவனுக்கு வீடு இல்லை, தூக்கம் இல்லை, ஞாயித்துக்கிழமை இல்லை. லிஃப்ட் கதவு மூடுது, திறக்குது, மறுபடி ஆபீஸ். வேலை அவனோடது, சம்பளம் உன்னோடது.

ஹெல்லின்னு ஒரு கேரக்டர். முதல் நாளே ராஜினாமா குடுக்கறா. ஏத்துக்கவே மாட்டேங்கறாங்க. யார் மறுக்கறதுன்னு பார்த்தா, அவளோட அவுட்டீ, அதாவது வெளியில இருக்கற அவளே! வீடியோவுல வந்து, நீ ஒரு ஆளே இல்லை, முடிவெடுக்கற உரிமை எனக்குத்தான்னு சொல்லிடறா. அப்படியே உறைஞ்சு போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரியுது, அந்த வெளி ஹெல்லி யாரோ பாவப்பட்டவ இல்லை, முதலாளி வீட்டுப் பொண்ணு.

நம்ம கேள்விக்கு வருவோம். இந்தத் தொடரே ஒரு காலி நாற்காலியிலதான் ஆரம்பிக்குது. பீட்டின்னு ஒருத்தர் ஒருநாள் வரல. ஏன், எங்க போனார், ஒரு பதிலும் கிடையாது. மார்க்கை அந்த இடத்துக்கு மேல தூக்கி விடறாங்க, காலியான நாற்காலிக்கு ஹெல்லி வர்றா, வேலை தொடருது. நேத்து வரைக்கும் பச்சைப் புள்ளியோட இருந்தவர் பேர் இன்னிக்கு சாட்ல சாம்பல் நிறமா ஆகறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

இன்னீங்கறவன் யாரு? என் பார்வையில அவன் கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலை நடக்கணும், ஆனா செய்யறவன் முகம் நம்ம ஞாபகத்துல இருக்கக் கூடாது. அதுக்கு மூளையில சிப் எல்லாம் தேவையே இல்லை. நடுவுல ஒரு ஏஜென்சி இருந்தாப் போதும். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

கரைந்த நிழல்கள்

அசோகமித்திரனோட நாவல். 1960கள்ல எழுதினது. சினிமாவைப் பத்தி நாவல்னு சொன்னதும் நடிகை, காதல், தற்கொலைன்னு நினைச்சு எடுத்தா ஏமாந்துடுவீங்க. ஒரு படக் கம்பெனியில வேலை பார்க்கற புரொடக்‌ஷன் மேனேஜர், அசிஸ்டென்ட் டைரக்டர், வண்டி, சாப்பாடு, பாக்கி, கடன்னு எல்லாமே கேமராவுக்குப் பின்னாடி நடக்கறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொருத்தர் பக்கம் நின்னு பார்க்கற மாதிரி இருக்கும். சின்ன புத்தகம், ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன்.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவுல பல வருஷம் வேலை பார்த்தவர். அங்க அவரோட வேலைகள்ல ஒண்ணு, பேப்பர்ல வர்ற செய்திகளைக் கத்தரிச்சு ஃபைல்ல வைக்கறது. சும்மா உட்கார்ந்து பேப்பர் கிழிக்கறான், வேற வேலை இல்லைன்னு நினைச்சு ஆளாளுக்கு வந்து அறிவுரை சொல்லிட்டுப் போவாங்கன்னு இங்கிலீஷ்ல கிண்டலா எழுதியிருக்கார். சிபிஎஸ்இ-ல பன்னிரண்டாவது படிச்சவங்களுக்கு 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்'னு ஒரு பாடம் ஞாபகம் வரும், அது அவர் எழுதினதுதான்.

நாவல்ல எனக்குப் பிடிச்சது நடராஜன். புரொடக்‌ஷன் மேனேஜர். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வண்டி வந்துதா, ஆள் வந்தாங்களா, டிபன் வந்துதான்னு அலையற ஆள். அவர் வேலையை ஒழுங்கா செஞ்சா ஒருத்தர் கண்ணுக்கும் அது தெரியாது. ஒரு இட்லிப் பொட்டலம் குறைஞ்சா மட்டும் எல்லாரும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. சர்வர் ஓடற வரைக்கும் எங்களை மாதிரி ஆளுங்க இருக்கறது யாருக்குத் தெரியும்? அதே கதைதான்.

இங்கயும் ஆள் குறையுது, ரெண்டு விதமா. கதாநாயகி ஷூட்டிங்குக்கு வரலன்னா மொத்தக் கம்பெனியும் ஆடிப் போகுது, தயாரிப்பாளரே கொதிச்சுக் கிளம்பறார். ஆனா கம்பெனி படுத்து நடராஜன் மாதிரி ஆளுங்க இல்லாமப் போனா? ஒண்ணும் ஆகாது. இன்னொரு கம்பெனி, இன்னொரு வேன், இன்னொரு நடராஜன். அவர் பின்னாடி என்ன ஆனார்ங்கறதுக்குப் பெரிய உருக்கமான காட்சியெல்லாம் அசோகமித்திரன் வைக்கல. போகிற போக்குல நமக்குத் தெரிய வருது, அவ்வளவுதான். அழுது புலம்பாம சொன்னதாலயே எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. தலைப்புக்கு அர்த்தம் அப்பதான் உறைச்சுது.

விட்னஸ்

2022 டிசம்பர்ல சோனி லிவ்-ல நேரடியா வந்த தமிழ்ப் படம். இயக்குநர் தீபக். ரோகிணி, ஷ்ரத்தா ஸ்ரீநாத் நடிச்சது. நம்மள்ல எத்தனை பேர் பார்த்தோம்னு தெரியல, என் நண்பர் வட்டத்துல ரெண்டே பேர். ஹிரயாமாவைப் பார்த்தவங்க இருபது பேராவது இருக்கும்.

ரோகிணி இதுல இந்திராணிங்கற தூய்மைப் பணியாளர். அவங்க பையன் பார்த்திபன் காலேஜ் படிக்கறவன், நீச்சல் வீரன். அவன் ஒரு அபார்ட்மென்ட்டோட கழிவுநீர்த் தொட்டிக்குள்ள செத்துப் போறான். அப்புறம் அந்த அம்மா கேஸ் நடத்தறாங்க. படம் தொழில்நுட்பத்துல பெரிய ஓகோன்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல கூட்டத்துல பேசற மாதிரி வசனம். ஆனா ரோகிணி முகம் போதும். கோஜி யாகுஷோவுக்குச் சொன்ன அதே வார்த்தையை இங்கயும் சொல்லுவேன்.

இந்தப் படத்துல என்னை உலுக்கினது சாவுக்கு அப்புறம் நடக்கற பேச்சு. யார் கூப்பிட்டா, யார் இறக்கினா, யார் பொறுப்பு? எங்க ஆள் இல்லை, அவர் ஆள், இவர் ஆள்னு பொறுப்பு கைமாறிக் கைமாறிப் போகுது. லூமன்ல சிப் செய்யற வேலையை இங்க காகிதம் செய்யுது.

சட்டம் இல்லாம இல்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யற சட்டம் 2013-லயே வந்துடுச்சு. சாக்கடையில இறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்தினது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டி வந்ததுன்னா என்ன அர்த்தம்? சாவு நிக்கல.

சரி, இப்ப நான் சொல்ல வந்தது

2025 ஆகஸ்ட். சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியில தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ராயபுரம், திரு.வி.க. நகர்னு ரெண்டு மண்டலத்துக் குப்பை அள்ளற வேலையைத் தனியார்கிட்ட குடுத்ததை எதிர்த்து. கொரோனா நேரத்துல நாம கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தப்ப வெளியில நின்னவங்க. நிறைய பேர் பெண்கள். கையில 23,000 அளவுக்கு வந்துட்டு இருந்த சம்பளம் 16,000 அளவுக்கு இறங்கிடும்ங்கறது அவங்க சொன்ன கணக்கு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆரம்பிச்சு மழை வெயில்னு 13 நாள் நடைபாதையில இருந்தாங்க. நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் 13-ஆம் தேதி நள்ளிரவுல போலீஸ் அப்புறப்படுத்தினாங்க.

அந்த வாரம் பூரா எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல என்ன பேச்சு தெரியுமா? "குப்பை எப்ப எடுப்பாங்க?" அவ்வளவுதான். அவங்க ஏன் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒருத்தர் கேக்கல. அதே குரூப்ல, "பெர்ஃபெக்ட் டேஸ் பார்த்தீங்களா, வாழ்க்கையையே மாத்திடும்"னு ஒரு ஃபார்வர்டு வந்திருந்ததை நானே பார்த்திருக்கேன்.

டோக்கியோவுல கழிவறை கழுவறவர் ராத்திரி ஃபோன் போட்டுக் கத்தினா நமக்கு அவர் மேல பிரியம் வருது. நம்ம ஊர்ல அதே வேலை செய்யற ஒரு அம்மா ரோட்டுல உட்கார்ந்து கத்தினா "டிராஃபிக் ஜாம்"ங்கறோம். ஹிரயாமா கேட்டதும் அவங்க கேட்டதும் ஒண்ணேதான். என் வேலையை நான் செய்யறேன், அதைச் செய்யக்கூடிய நிலைமையில என்னை வை. இதுல எளிமைக்கோ ஆசைக்கோ எங்க இடம் இருக்கு?

நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப, "டேய், ஒரு நல்ல படத்தை நிம்மதியாப் பார்க்க விட மாட்டியா? எல்லாத்துலயும் போய் அரசியலைத் தேடற"ன்னார். நியாயமான கேள்விதான். அவருக்கு என் பதில்: நான் வெளியிலேர்ந்து எதையும் கொண்டு வந்து ஒட்டல. ஃபோன் கால் படத்துல இருக்கு. தங்கச்சியோட கார் படத்துல இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு மரத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கறதும் ஒரு அரசியல்தான். அது முதலாளிக்கு ரொம்ப வசதியான அரசியல். அதனாலதான் அது லிங்க்ட்இன்ல அவ்வளவு ஓடுது.

அவர் இன்னொண்ணும் சொன்னார். "ஏசியில உட்கார்ந்து நல்ல சம்பளம் வாங்கற நீ, உன்னை அவங்களோட ஒப்பிடறது ஓவரா இல்லையா?" இதுக்கும் பதில் சொல்லணும். ஆமா, ரெண்டும் ஒண்ணு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் அடிச்சா எனக்குத் தூக்கம் போகும், உயிர் போகாது. சாதி பார்த்து யாரும் என்னை இந்த வேலைக்கு இறக்கல. அந்த வித்தியாசம் பெருசு, அதை அழிச்சு எழுதினா அயோக்கியத்தனம். ஆனா ஆளைக் குறைச்சுட்டு மிச்சம் இருக்கறவன் மேல சுமையை ஏத்தற வித்தையும், நடுவுல ஒரு ஏஜென்சியை நிறுத்திட்டு "எங்க ஆள் இல்லை"ன்னு கை கழுவற வித்தையும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். எங்க ஆபீஸ்லயே நான் பேட்ஜ் போட்டு உள்ள போற அதே வாசல்ல, வேற கலர் பேட்ஜோட ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க போறாங்க. அவங்க கம்பெனி வேற, கேன்டீன் நேரம் வேற. ஒரே மாடியில ஒரே லிஃப்ட்டுல ரெண்டு உலகம். செவரன்ஸ் பார்க்க ஆப்பிள் டிவிக்குக் காசு கட்டணும்னே இல்லை.

அதனால சிம்பிளா ரெண்டு விஷயம். ஒண்ணு, உங்க டீம்ல ஒருத்தர் போனா, "அவர் செஞ்சதுல எதை நிறுத்தப் போறோம்?"னு மீட்டிங்ல வாயைத் திறந்து கேளுங்க. எதையும் நிறுத்தலன்னா அது இலவசமா நம்ம முதுகுல ஏறுதுன்னு அர்த்தம். ஹிரயாமா மாதிரி அமைதியான மனுஷனே கேட்டார், நாம கேக்கறதுக்கு என்ன? ரெண்டு, உங்க அபார்ட்மென்ட்ல அடுத்த தடவை கழிவுநீர்த் தொட்டி சுத்தம் பண்ண ஆள் வர்றப்ப, மெஷின் வருதா, ஆளை இறக்கறாங்களான்னு குரூப்ல ஒரு வார்த்தை கேளுங்க. சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. கேட்டா கொஞ்சம் முறைப்பாங்க, அவ்வளவுதான்.

படங்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பு: நாலுமே பார்க்கலாம், படிக்கலாம். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்குன்னா விட்னஸ் பாருங்க. இருபதுக்கு ரெண்டுங்கற கணக்கு எனக்கு உறுத்துது.

கொசுறு: செவரன்ஸ்ல லூமன் ஆபீஸா காட்டற அந்தப் பிரம்மாண்டக் கட்டடம் நியூ ஜெர்சியில ஹோம்டெல்ங்கற இடத்துல இருக்கு. ஈரோ சாரினென் வடிவமைச்சது, ஒரு காலத்துல பெல் லேப்ஸ். யூனிக்ஸும் சி-யும் பிறந்தது அதே பெல் லேப்ஸோட மர்ரே ஹில் கிளையில. நமக்கெல்லாம் சோறு போடற தொழிலோட தாய்வீட்டுக்காரங்க கட்டின இடத்துல, எதுக்குன்னே தெரியாம நம்பர் பிடிக்கற கதையை எடுத்திருக்காங்க. இதுல உள்குத்து இருக்கான்னு பென் ஸ்டில்லரைத்தான் கேக்கணும் :-)

வேலையை நிஜமா வேலையாவே காட்டற தமிழ்ப் படமோ நாவலோ உங்களுக்குத் தெரிஞ்சதை அவசியம் சொல்லுங்க. ஹீரோ என்ன வேலை பார்க்கறார்னு இடைவேளை வரைக்கும் தெரியாத படங்கள் வேண்டாம், அது என்கிட்ட நிறையவே ஸ்டாக் இருக்கு.